நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில்

மார்ச் 3

சின்னவளுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்திருப்பாய். மறந்துபோய் விட்டது இல்லை அது.

உன் போன் நம்பர் என் மகளிடம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை நீங்கள் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். போன் போடச் சொன்னாள். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் கடிதம். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். படிக்கக் கஷ்டமாக இருந்தால் கஷ்டப்பட்டுப் படி.

விஷயம் இது. என் பேத்திக்கு ஆறு வயது. போன மாதம் காய்ச்சல் வந்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. கண் பாதி திறந்திருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “என் செருப்பு எங்க?” என்றாள்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். வயிறு காயும் நேரத்தில் உடம்பு தன் கொழுப்பை எரித்துச் சமாளிக்குமாம். அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று இவளுக்கு ஒழுங்காக உண்டாவதில்லையாம். நேரத்துக்குச் சாப்பிட்டால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடுவாள், பட்டினிதான் ஆபத்து என்கிறார் டாக்டரம்மா. பேப்பரில் இன்ட்ரான் என்று ஒரு வார்த்தை. அதன் முதல் எழுத்து மாறிவிட்டதாம். பத்து நிமிடம் விளக்கினார். மகள் தலையாட்டினாள், மாப்பிள்ளை தலையாட்டினார். வெளியே வந்து கேட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீ அந்த மாதிரி ஆய்வுக்கூடத்தில்தான் முப்பது வருடம் குப்பி கழுவினாய் என்று கேள்வி.

இப்போது மகளுக்கு இரண்டாவது, ஆண் பிள்ளை. பிறந்து பன்னிரண்டு நாள். அவனுக்கும் ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வர ஒரு மாதம் ஆகும். “உங்க பக்கத்துல யாராவது குழந்தையிலயே திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆமாம் என்றேன். மகள் பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒருவன். ஒரு வயது பத்து மாதம்.

அவன் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எப்போது தூங்கினான், கூட இருந்தது யார் என்றெல்லாம் கேட்டார். இந்தக் குடும்பத்துப் பிள்ளை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரிந்தால் பச்சைக் குழந்தைக்கு உதவுமாம்.

கூட இருந்தது நீ. தூங்கட்டும் என்று சொன்னதும் நீ. அன்று நடந்ததை மணி போட்டு எழுதி அனுப்பு. இன்ட்ரான் என்றால் என்னவென்றும் எனக்குப் புரிகிற மாதிரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர், “என்னம்மா, கெட்ட சேதியா?” என்றார். “இல்லீங்க, எங்க அக்கா எழுதியிருக்கா” என்றேன். அதற்கு ஏன் அழ வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

குப்பி கழுவியது உண்மைதான். முதல் நான்கு வருடம் அதுதான் வேலை. கழுவிக்கொண்டே பக்கத்து மேஜையைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன், மாலையில் படித்தேன்.

உன் பேத்தி செருப்பைக் கேட்ட வரியை நான்கு முறை படித்தேன்.

நாம் வேலை பார்த்த பைண்டிங் கூடத்தை வைத்தே சொல்கிறேன். தாள் கட்டு வரும். நல்ல தாள் நாற்பது இருக்கும், அப்புறம் மிஷின்காரர் மை சரிபார்க்க ஓட்டிய கழிவு இருநூறு இருக்கும், மறுபடி நல்ல தாள். கழிவிலும் எழுத்துதான், நல்லதிலும் எழுத்துதான். கழிவு தொடங்கும் இடத்தில் ஓரத்தில் இரண்டு நீலக் கோடு, முடியும் இடத்தில் இரண்டு சிவப்புக் கோடு. நீ நீலத்தைப் பிடிப்பாய், நான் சிவப்பைப் பிடிப்பேன். நடுவில் இருப்பதை உருவிப் போட்டுவிட்டு மீதியைத் தட்டி ஒன்றாக்குவோம்.

செல்லுக்குள் நடப்பதும் இதுதான். மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்று, நான்கே எழுத்தால் ஆன ஒரு நீளமான நகல் எடுக்கப்படுகிறது. அதில் வேண்டியது கொஞ்சம், நடுநடுவே வேண்டாதது நிறைய. அந்த வேண்டாத பகுதிதான் இன்ட்ரான். அதை உருவிவிட்டு மீதியை ஒட்டினால்தான் உடம்புக்கு வேலை செய்யும் பொருள் உண்டாகும். செல்லுக்குப் படிக்கத் தெரியாது அக்கா. என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதேயில்லை. ஓரங்களைத்தான் பார்க்கிறது. இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் ஜி, யு என்று இரண்டு எழுத்து. முடியும் இடத்தில் ஏ, ஜி என்று இரண்டு எழுத்து. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இடத்துக்கு மேல் இதே அடையாளம்தான்.

உன் பேத்தியிடம் ஓர் இடத்தில் அந்த முதல் ஜி மாறியிருக்கிறது. நீலக் கோடு இல்லாத கட்டு மாதிரி. கை அங்கே நிற்பதில்லை. முந்தைய நீலத்திலிருந்து அடுத்த சிவப்பு வரை, நடுவில் இருந்த நல்ல தாளையும் சேர்த்து உருவிவிடுகிறது. ஒட்டிப் பார்த்தால் புத்தகம் மாதிரிதான் இருக்கும், உள்ளே ஒரு பாடம் இருக்காது.

ஒவ்வொரு மரபணுவிலும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று சரியாக இருந்தால் போதும், ஒன்றும் தெரியாது. இரண்டும் கெட்டிருந்தால்தான் நோய். உன்னிடம் ஒன்று இருந்திருக்கும், அத்தானிடம் ஒன்று. மாப்பிள்ளையும் அத்தான் வழியில் தூரத்து உறவு அல்லவா? யார் தவறும் இல்லை.

அன்றைய மணிக்கணக்கை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எனக்கு இரண்டு நாள் கொடு.

உன் தங்கை


மார்ச் 14

சின்னவளுக்கு,

யார் தவறும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். வேறு யார் எழுதினாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். அதை நீ எழுதக் கூடாது.

இரண்டு நாள் கேட்டாய், கொடுத்தேன், ஐந்து நாள் ஆயிற்று.

நல்ல தாள் நாற்பது இல்லை, முப்பத்திரண்டு. கழிவும் இருநூறு வராது, அவ்வளவு கழித்தால் மிஷின்காரர் வேலையே போயிருக்கும். படித்தவள் நீ, தப்பாக எழுதுகிறாய். ஆனால் கோடு விஷயம் எனக்குப் புரிந்தது. எனக்கு அங்கே வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாது. எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தப்பு செய்தேன், அதுவும் மிஷின்காரரின் நீலப் பென்சில் தீர்ந்துபோய் அவர் கோடே போடாமல் அனுப்பியதால். சரித்திரப் புத்தகத்தில் ஒரு ராஜா பிறந்தார், அடுத்த பக்கத்தில் செத்தார். நடுவில் சண்டையே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கத்தினார். கண்ணாடிக்கார மேனேஜர் என்னை முறைக்கிறார், நீ பின்னால் நின்றுகொண்டு, “பசங்க நமக்கு மாலை போடுவாங்கக்கா” என்றாய். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் வந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டிருந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். தெருவைத் தாண்டினால் நம் ஒற்றை அறை. மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆள் கதவைத் திறக்க முடியாது. பூனை என்று என் பிள்ளைக்குப் பெயர் வைத்தவள் நீ. சுருண்டு தூங்குகிறான் என்று. அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்லி யாருமே கூப்பிடவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தேன். நான் அங்கே ஒரு வாரம் உருவுகிற மேஜை, ஒரு வாரம் தையல், ஒரு வாரம் பசை. நீ இங்கே அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டு.

உன் அத்தான் செத்துப்போனபோதும் நீ வந்தாய். கறுப்புக் குடையோடு வீட்டு வாசலுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றாய். மழையே இல்லை. நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

ஒரு சந்தேகம். இரண்டே எழுத்து என்கிறாய். அந்த இரண்டு எழுத்து நல்ல பகுதிக்குள்ளேயும் தற்செயலாக வருமே? நல்ல தாளிலும் பென்சில் இழுத்த கோடு இருக்கும், நான் அதை நீலக் கோடு என்று எடுத்ததில்லை. உன் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பதில் எழுது. மணிக்கணக்கையும் எழுது. தள்ளிப் போடாதே.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நீ கேட்டதுதான் கேள்வி. எங்கள் கூடத்துக்கு வருகிற பட்டதாரிகள் அதைக் கேட்க இரண்டு வருடம் எடுத்துக்கொள்வார்கள்.

செல் அந்த இரண்டு எழுத்தை மட்டும் நம்புவதில்லை. அக்கம்பக்கத்து எழுத்துகளையும் தடவிப் பார்க்கிறது. தடவுகிற கையும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டுதான், கூடக் கொஞ்சம் புரதம். அந்தத் துண்டின் எழுத்துகள் இன்ட்ரான் தொடக்கத்தின் எழுத்துகளோடு, பொத்தான் காஜாவில் விழுவது மாதிரி, ஜோடி சேர வேண்டும். நன்றாகச் சேர்ந்தால் பிடிக்கும், இல்லையென்றால் நழுவிவிடும். முடிவுக்குச் சற்று முன்னால் ஏ என்று ஓர் எழுத்து இருக்கிறது. இன்னொரு துண்டு வந்து அதன் இரண்டு பக்கத்தையும் பிடித்து, அந்த ஏ-யை மட்டும் வெளியே துருத்தி நிற்க வைக்கும். அதற்கும் கடைசிக்கும் நடுவில் பெரும்பாலும் யு, சி என்றே ஓடுகிற ஒரு நீளம். அதைத் தொட்டுப் பார்க்கத் தனியாக ஒரு புரதம். இவ்வளவு பேரும் ஒத்துக்கொண்டால்தான் கத்தி வைக்கப்படும். முதலில் தொடக்கத்தை வெட்டி அந்த ஏ-யோடு முடிச்சுப் போட்டுவிடும், சுருக்குப் போட்ட கயிறு மாதிரி. பிறகு முடிவை வெட்டி, நல்ல பகுதி இரண்டையும் ஒட்டும். சுருக்கு கழன்று விழும். ஒட்டிய இடத்தை எழுத்து வரிசையில் கண்டுபிடிக்க முடியாது.

நீயும் அப்படித்தான் செய்தாய். கட்டின் மேல் கை வைத்துக்கொண்டு, “இருக்கா?” என்பாய். மறு முனையில் நான், “இருக்குக்கா” என்பேன். நான் சொல்லாமல் நீ ஒரு நாளும் இழுத்ததில்லை. அதனால்தான் பென்சில் கீறல் உன்னை ஏமாற்றவில்லை.

இனி, டாக்டரம்மாவுக்கு.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு அரை டம்ளர் பால் குடித்தான். மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டு வாய், அதையும் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு எதுவும் இறங்கவில்லை. பத்தரைக்குத் தூங்கினான். பன்னிரண்டரைக்கு நீ சாப்பாட்டு நேரத்தில் வந்தாய். உள்ளே வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்திருக்கிறது என்றாய். எழுப்பலாமா என்று கேட்டாய். நான்தான் தூங்கட்டும் என்றேன். மூன்றரைக்கு மூச்சு இழுக்கிற விதம் மாறியது. தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி உங்கள் பைண்டிங் கூடத்துக் கேட்டுக்கு ஓடி வந்தேன். மற்றது உனக்குத் தெரியும்.

ஏழிலிருந்து மூன்றரை வரை இருபதரை மணி நேரம். அதை டாக்டரம்மாவிடம் சொல்.

உன் தங்கை


மார்ச் 25

சின்னவளே,

மணிக்கணக்கைக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். உபயோகமானது என்றார்.

அது முடிந்தது. இப்போது இதைக் கேள்.

நான் அவன் நெற்றியைத் தொட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கையால்? அது பசை மேஜை வாரம். கேட்டில் நீ அவனை என்னிடம் கொடுத்தபோது அவன் சட்டை என் கையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுத்தார்கள். அந்தச் சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முதுகில் என் ஐந்து விரலும் காய்ந்துபோய் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். முதுகில் மட்டும்தான். காலர் சுத்தமாக இருக்கிறது. நெற்றியிலும் பசை இல்லை, அது எனக்குத் தெரியும். அந்த நெற்றியை நான் அன்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

பசை வாரத்தில் மத்தியானம் கால் மணி நேரம்தான் விடுவார்கள். வெந்நீரில் கை கழுவவே அது போதாது. அதனால் பசை வாரத்தில் நான் வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. தெரு ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவேன். அவன் உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிப்பான்.

ஆக, நான் உள்ளே வந்தேன் என்பது பொய். நீ பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதிலும் அப்படித்தான், தேவையில்லாததை ஒன்று கூடுதலாகச் சேர்த்து மாட்டிக்கொள்வாய்.

மூன்று நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த ஜன்னல் வரை எனக்கு வருகிறது. கம்பியில் பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார்கள். உள்ளே இருட்டு, உன் முகம் மட்டும் தெரிகிறது. நீ வாயைத் திறக்கிறாய். அடுத்தது கேட். நடுவில் ஒன்றுமில்லை. விட்டுப்போனது மாதிரியே இல்லை, இதற்கு அடுத்தது அதுதான் என்பது மாதிரி இருக்கிறது. உன் சட்டைப் பொத்தானின் நிறம் ஞாபகம் இருக்கிற எனக்கு மூன்று மணி நேரம் எங்கே போயிற்று?

ஜன்னலில் நின்று நான் என்ன சொன்னேன்?

மழுப்பாமல் எழுது.

அக்கா


மார்ச் 31

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நீ கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாய். உன்னிடம் இரண்டாவது பொய் செல்லாது.

நீ ஜன்னலில் நின்று, “முழிச்சானா?” என்றாய்.

“இல்லக்கா. காலையிலேர்ந்து ஒண்ணும் இறங்கல. எழுப்பிப் பால் குடுக்கட்டுமா?”

“வேண்டாண்டி. ராத்திரியெல்லாம் தூங்கல பாவம். தூங்கட்டும். தூங்கினாத்தான் காய்ச்சல் விடும்.”

“சரிக்கா.”

அவ்வளவுதான். உள்ளே மணி அடித்தது, ஓடிவிட்டாய்.

கேட்டில் அவனைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில், “யாருடி இவனத் தூங்க விட்டது?” என்று கத்தினாய். நீ நடிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே உனக்குத் தெரியவில்லை. “நான்தான்” என்றேன். எனக்குப் பதினெட்டு வயது, பெரிய தியாகம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. அந்த நிமிடத்தில் உன் கேள்விக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் உனக்கே ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னை வெளியே போகச் சொன்னாய், போனேன். பிறகு அதைச் சொல்ல ஒரு நல்ல நாள் வரவேயில்லை.

ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவ ஏன் சேர்ந்தேன் என்று நினைக்கிறாய்? தூங்கின பிள்ளை எப்படிச் சாகும் என்று யாராவது சொல்வார்களா என்றுதான்.

காய்ச்சல் பிள்ளையைத் தூங்கட்டும் என்று எந்த அம்மாவும் சொல்வாள். ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் அது சரியான வார்த்தை. நம் பூனைக்கு மட்டும் இல்லை. அது அன்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எந்த டாக்டருக்கும் தெரிந்திருக்காது.

கோபம் இருந்தால் என் மேலேயே வைத்துக்கொள். எனக்குப் பழகிவிட்டது.

உன் தங்கை


ஏப்ரல் 5

சின்னவளே,

பையனுக்கும் இருக்கிறது. இரண்டு பிரதியிலும்.

பயப்படாதே. தெரிந்துவிட்டதல்லவா, அதுதான் வித்தியாசம் என்கிறார் டாக்டரம்மா. இப்போதைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வயிறு காய விடக் கூடாது. தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

உன் கடிதத்தை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளையும் இருந்தார். “தூங்கட்டும்னு சொன்னது நான்தான்” என்று என் வாயால் சொன்னேன். மகள், “அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நானும் அதையேதாம்மா சொன்னேன்” என்றாள். நானும் அவளும் உட்கார்ந்து அழுதோம். பேத்தி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் யார் மேலும் கோபப்பட முடியாமல் கிடந்தேன். எனக்கு அது பழக்கமில்லை, உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கோபம் வந்துவிட்டது. உன் மேல்தான். நாற்பத்தொரு வருடம் என்னை உன் மேல் கோபப்பட விட்டாயே, நீ யார் அதைத் தீர்மானிக்க? என்னால் தாங்க முடியாது என்று உனக்கு யார் சொன்னது? உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உன் பிள்ளைகள் என்னைப் பார்த்ததில்லை. அதையெல்லாம் நீ எனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாய். இதை நான் சுலபத்தில் விட மாட்டேன். நேரில் வைத்துக்கொள்வோம்.

மகளுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. மாப்பிள்ளை இரவுப் பங்கை எடுத்துக்கொள்கிறார். பகலுக்கு நான் ஒருத்திதான். நேற்று ஒன்பது மணிக்கு அவனை எழுப்ப வேண்டும். சுருண்டு தூங்குகிறான். கை நீட்டுகிறேன், போய்த் தொட மாட்டேன் என்கிறது கை. ஒன்பது ஐந்து வரை அப்படியே நின்றேன். கடைசியில் மகள் வந்து எழுப்பினாள்.

நாளைக்கே கிளம்பு. பகல் பங்கு உனக்கு. மத்தியானப் பாலுக்கு, “எழுப்பட்டுமாக்கா?” என்று என்னைக் கேட்காதே. யாரையும் கேட்காதே. உள்ளங்காலில் சுண்டினால் எழுவான். வீடே அதிர அழுவான்.

அழட்டும்.

அக்கா